ஒயர் இல்லாத நாப்

எங்கள் மாப்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் செய்த வேலை அப்படி. ஐம்பதாயிரம் பேர் கூடிய மைதானத்தில் அவரும் இருப்பார், ஆனால் மேடையின் இடது ஓரத்தில், கறுப்புத் திரைக்குப் பின்னால், சின்ன விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை வேண்டுமானால் பார்த்திருப்பீர்கள். கூட்டத்துக்கு நடுவே தடுப்புக் கட்டி, சத்தம் கலக்குகிற பெரிய மிக்ஸரை வைத்துக்கொண்டு, மேடையை மறைக்கிறான் என்று பின்னால் நிற்கிறவர்களிடம் திட்டு வாங்குவானே ஒருத்தன், அது நான்தான். கூட்டம் கேட்கிற சத்தம் என் பொறுப்பு. பாடுகிறவள் தன் காதில் கேட்கிற சத்தம் அவர் பொறுப்பு.

பெரிய மேடையில் நிற்பவருக்குத் தன் குரலே தனக்குக் கேட்காது. அதற்காகக் காது இரண்டிலும் இயர்பீஸ், இடுப்பில் ஒரு சின்ன டப்பா. தாளம் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு, சொந்தக் குரல் எவ்வளவு என்று கலந்து, ஒயர் இல்லாமல் அந்த டப்பாவுக்கு ஒருவர் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் மாப்பிள்ளை. இயர்பீஸை மாட்டிவிட்டால் வெளிச்சத்தம் அடைபட்டுப்போகும், அவர் அனுப்புவது மட்டும்தான் காதில் இருக்கும். பாடகி தனியாக ஒரு மைக்கில் பேசினால் அது கூட்டத்துக்குப் போகாது, அவருக்கு மட்டும் கேட்கும். அவர் பதில் சொன்னால் அவள் காதுக்கு மட்டும் போகும்.

இவர் என் தங்கையைக் கட்டியவர். ரேடியோ ரிப்பேர் கடையில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை இந்த வேலைக்கு இழுத்து வந்தவன் நான். பேச்சு என்றால் அவருக்கு வேப்பங்காய். சண்டை போட்டால் பதிலுக்கு ஒரு வார்த்தை வராதே என்று என் தங்கை பதினெட்டு வருடமாகப் புலம்புகிறாள். ஆனால் காது மட்டும் அசாத்தியமான காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க மாடி பாத்ரூம்ல குழாய் சொட்டுது” என்று சொல்லிவிட்டு வருவார். “அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுறது கேக்குது, நான் தொண்டை கிழியக் கூப்பிடறது மட்டும் கேக்காது” என்பாள் தங்கை. அதற்கும் அவர் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

எங்கள் தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. வெளியே சொல்லக் கூடாது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்கிறேன். மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிற நாப் எத்தனையோ இருக்கும். வலது கோடியில் ஒன்றை மட்டும் ஒயர் கொடுக்காமல் விட்டுவிடுவோம். அடையாளத்துக்கு அதன் கீழே சிவப்பு டேப். பாடுகிறவர்களில் சிலர் இருக்கிறார்கள், என்ன கலந்து கொடுத்தாலும் திருப்தி வராது. இன்னும் கொஞ்சம் கூட்டு, இல்லை குறை, ஏதோ ஒரு மாதிரி இருக்கு என்று உயிரை வாங்குவார்கள். அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்தபடி அந்த டம்மி நாப்பை மெதுவாகத் திருகி, “இப்போ?” என்று கேட்க வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர், “ஆங், இப்பதான் சரியா இருக்கு” என்பார்கள். கேன்டீனில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒருவருக்கும் இதனால் கெடுதல் வந்ததில்லை.

சின்னவளுக்கு மட்டும் மாப்பிள்ளை முதல் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அந்த நாப்பைத் திருகியதில்லை. அவள் குறை சொன்னால் நிஜமாகவே குறை இருக்கும் என்பார்.

சின்னவள் என்றால் யார் என்று சொல்ல வேண்டாமா? உலகம் அவளுக்கு வைத்திருந்த பெயர் வேறு. அக்காவும் தங்கையுமாக வருவார்கள், அதனால் எங்கள் வேலையாட்களுக்கு அக்கா பெரியவள், பாடுகிறவள் சின்னவள். முதல் பாட்டை வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவு செய்தாள், டைல்ஸ் சுவரில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று. அப்போது பத்தொன்பது வயது. நான்கு மாதத்தில் அந்தப் பாட்டு பஸ்ஸில், சலூனில், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் எல்லாம் ஓடியது. அவள் முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டாள் என்றால் அடுத்த வாரமே ஊரில் பாதிப் பெண்கள் காதுவரை வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சீப்பு வாங்கக்கூட அவளால் கடைக்குப் போக முடியவில்லை. போனாள் ஒருமுறை. கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தார், சீப்பு வாங்காமலேயே திரும்பி வந்தாள்.

அவளைச் சுற்றி எப்போதும் இருபது பேர், இருபது பேருக்கும் அவளிடம் ஏதாவது வேண்டும். ஒரு போட்டோ, ஒரு கையெழுத்து, மச்சினி மகளுக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து. மாப்பிள்ளைக்கு மட்டும் எதுவும் வேண்டாம். அதனாலோ என்னவோ அவரிடம்தான் பேசுவாள். ஒரு பாட்டு முடிந்து கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கும்போது, தனி மைக்கில் குனிந்து, “அண்ணா, மூணாவது வரிசையில ஒருத்தர் அசந்து தூங்குறாரு” என்பாள். “எழுப்பிடாதம்மா, பாவம்” என்பார் இவர். வீட்டுக்கு வந்து இவர் தானாக வாயைத் திறந்து சொல்கிற கதை இது ஒன்றுதான். “உங்களுக்குப் பேசத் தெரியும்ங்கறதே அந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் தெரியுது” என்று தங்கை கேலி செய்வாள்.

ஒரு மதியம், ஆளில்லாத உள்ளரங்கத்தில் சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது. சின்னவள் பாதிப் பாட்டில் நிறுத்தினாள்.

“அண்ணா, லைன்ல யாரோ பேசுறாங்க.”

“யாரும்மா?”

“தெரியல. ஒரு ஆளு. நான் என்ன செய்றேனோ அதைச் சொல்லிட்டே இருக்கான். இப்ப மைக்கைப் பிடிக்கிறா, இப்ப தண்ணி குடிக்கிறா, இப்ப மூச்சு வாங்குறான்னு.”

மாப்பிள்ளை தன் ஹெட்போனில் கேட்டார். ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்து எதுவும் முடிவு செய்துவிட முடியாது. அவள் இடுப்பு டப்பாவில் காற்று வழியாக எது நுழைந்தாலும் அது அவளுக்கு மட்டும்தான் கேட்கும், இவருக்கு வராது. இது அடிக்கடி நடக்கிற கோளாறு. ஒருமுறை வேறொரு பாடகர் உருகி உருகிக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் டாக்ஸிக்காரர்களின் வயர்லெஸ் புகுந்து, “ஸ்டேஷன் வாசலுக்கு ரெண்டு வண்டி அனுப்பு” என்று சொல்லியது. அவர் சிரித்துத் தொலைத்துவிட்டார். அதனால் மாப்பிள்ளை துளியும் சந்தேகப்படவில்லை. டப்பாவை மாற்றினார், அலைவரிசையை மாற்றினார், ஆன்டெனாவை இடம் மாற்றி வைத்தார். அன்றைக்குச் சரியாகிவிட்டது.

அடுத்த ஊரில் மறுபடி வந்தது. அதற்கடுத்த ஊரிலும் வந்தது. இவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஆறு வருடமாக அந்தப் பெண்ணின் காதில் ஒரு கொசுச் சத்தம்கூட வராமல் காத்தவர். எவனோ ஒருத்தன் நுழைந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறான் என்றால் விடுவாரா? ஆளில்லாத அரங்கத்தில் அவளுடைய டப்பாவைத் தன் இடுப்பில் கட்டி, அவளுடைய இயர்பீஸைத் தன் காதில் மாட்டி, அவள் நிற்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் தூண் மாதிரி நின்றார். காற்றில் என்னென்ன சத்தம் ஓடுகிறது என்று பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி வந்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டப்பா டப்பாவாகப் பிரித்துப் போட்டார். தங்கையும் குழந்தையும் ஒரு மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. வேறு எந்த வேலைக்காரனாக இருந்தாலும், இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிறது என்று பத்து நாளில் புரிந்திருக்கும். ஒரு தையல்காரருக்குப் புரிந்திருக்கும், ஒரு டிரைவருக்குப் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புரியவில்லை. காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால் எங்களுக்கு ஆளைப் பார்க்கத் தோன்றாது, கருவியைத்தான் பார்க்கத் தோன்றும்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. அரங்கம் நிரம்பி வழிகிறது, தொடங்க வேண்டிய நேரம் தாண்டி நாற்பது நிமிடம். கூட்டம் காலைத் தரையில் தட்டுகிறது, என் மிக்ஸர் மேல் தண்ணீர் பாட்டில் வந்து விழுகிறது. சின்னவள் மேடையேறவில்லை. திரைக்குப் பின்னால் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் ஒயர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். மேனேஜர் இரண்டு போனையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசுகிறார். சின்னவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணா சொல்லட்டும். அவன் பேசுறது அண்ணாவுக்குக் கேக்குதா இல்லையா?”

எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஹெட்செட் உண்டு. அதில் அவர் குரல் மெதுவாக வந்தது.

“மச்சான், என்ன சொல்றது?”

நான் சொன்னேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “கேக்குதுன்னு சொல்லித் தொலைங்க மாப்ள. டம்மி நாப்பைத் திருகி விட்டு மேடையேத்துங்க.”

பிறகு அவர் அவளிடம் பேசுவது எனக்குக் கேட்டது. “கேக்குதும்மா. ஆம்பளைக் குரல்தான். நீ சொன்ன மாதிரியே பேசிட்டிருக்கான். இதோ பாரு, குறைக்கிறேன். இப்போ?”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாளாம். முகம் அப்படியே தெளிந்ததாம். “போயிட்டான் அண்ணா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பாடினாள் பாருங்கள், அப்படி ஒரு பாட்டை நான் என் தொழிலில் கேட்டதில்லை. முடிந்ததும் மேனேஜர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார், பெரியவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முதுகில் தட்டி, “ஒரு நாப்புல தீர்த்துட்டீங்களே மாப்ள” என்றேன். அவர் மட்டும் சிவப்பு டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் இது நடந்தது. அவள் “கேக்குதா அண்ணா?” என்பாள். இவர் “கேக்குதும்மா, குறைச்சுட்டேன்” என்பார். அவள் ஏறிப் பாடுவாள். நான்கு மாதம் இப்படி ஓடியது. பிறகு குரல் மேடையை விட்டு இறங்கி அவளோடு ஹோட்டல் அறைக்கு வந்தது, வீட்டுக்கு வந்தது. டப்பாவும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை. இவர் வீட்டில் இருக்கும்போது போன் வரும். இயர்பீஸை எதிலும் செருகாமல் சும்மா காதில் மாட்டிக்கொண்டு, “அண்ணா, குறைங்க” என்பாள். சாப்பாட்டு மேசையில் ரிப்பேருக்கு வந்த எங்கள் பழைய மிக்ஸர் ஒன்று கிடந்தது. அதில் கரண்ட்டே கிடையாது. இவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதன் டம்மி நாப்பைத் திருகி, “குறைச்சுட்டேம்மா” என்பார்.

தங்கை இதைப் பார்த்துவிட்டாள். “போன்லதான பேசுறீங்க. அவளுக்கு என்ன, கண்ணா தெரியுது? எதுக்கு அதைத் திருகுறீங்க?”

“திருகாமச் சொன்னா பொய் மாதிரி இருக்கு” என்றார். என் தங்கை அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குப் போன் செய்து, “அண்ணே, இது சரியாப் படல” என்றாள். இந்த ஒரு சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பார்த்துக்கொண்டேன், நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

திறந்த மைதானம். நான்காவது பாட்டு. அவள் பாடிக்கொண்டே மேடையின் இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. இயர்பீஸ் இரண்டையும் பிடுங்கிப் போட்டாள். தனி மைக் அவள் கையில் இல்லை, பாடுகிற மைக்தான் இருந்தது. அதிலேயே சொன்னாள். “அண்ணா, குறைங்க. குறையல அண்ணா. குறைங்கன்னு சொல்றேன்ல.”

அது என் மிக்ஸர் வழியாக முழு மைதானத்துக்கும் போனது. கூட்டம் என்ன நினைத்தது தெரியுமா? இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்தது. ஐம்பதாயிரம் பேர் கையை மேலே தூக்கிக்கொண்டு, “குறைங்க, குறைங்க” என்று கூடவே கத்தினார்கள். அவள் மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மைக்கை நிறுத்துகிற பட்டன் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. கை ஓடவில்லை. நான் அதை அமுக்குவதற்குள் அவள் ஐந்தாறு தடவை சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் போட்டு மறைத்து உள்ளே கூட்டிப்போனார். அவரை உலகம் பார்த்தது அந்த ஒருமுறைதான், அதுவும் முதுகை.

மறுநாள் காலைக்குள் யாரோ ஒரு புண்ணியவான் அந்த வார்த்தைக்குத் தாளம் போட்டு ஆட்டமாக்கி நெட்டில் விட்டுவிட்டான். குறைங்க, குறைங்க. எங்கள் தெரு முனை ஜூஸ் கடையில் ஓடியது. ஸ்கூல் வேனில் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையின் சொந்த மகளே ஆடிக்கொண்டு வந்தாள், பாவம் அதற்கென்ன தெரியும். தங்கை அவளை அடித்துவிட்டு, பிறகு தானும் உட்கார்ந்து அழுதாள். நான் ஜூஸ் கடைக்காரனிடம் சண்டைக்குப் போய், கண்ணாடி டம்ளர் ஒன்றை உடைத்துவிட்டு வந்தேன்.

பெரியவள் சின்னவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். போகச் சம்மதித்ததே பெரிய விஷயம். இது ஒரு நோய், பலருக்கும் வருகிறது, மாத்திரை சாப்பிட்டால் அடங்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நியாயமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். “நோய்னா எனக்கு மட்டும்தான கேக்கணும்? எங்க சவுண்ட் அண்ணாவுக்கும் கேக்குதே. அவரு பொய் சொல்லமாட்டாரு.” மாத்திரைச் சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பெரியவள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு நிஜமாவே கேட்டுச்சா?”

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி இல்லை என்று ஆட்டினார்.

“ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட இல்லம்மா. அன்னிக்கு மேடையேத்தணும்னு சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள். “எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஆறு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு பேர்கூடப் பதிஞ்சு வச்சிருந்தேன். அப்புறம் உங்களுக்கும் கேக்குதுன்னு சொன்னீங்க. சரி, மெஷின் கோளாறுதான்னு நிம்மதியா விட்டுட்டேன்.”

மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் அப்படிச் சொன்னதாக அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன், கேடுகெட்டவன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவானது. அவர் வாயால் கெட்டது அவர் வாயாலேயே சரியாக வேண்டும், வேறு யார் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. டாக்டரம்மா போனில் சொல்லிக்கொடுத்தார். வாதம் பண்ண வேண்டாம், அவளுக்குக் கேட்பது பொய் என்று சொல்ல வேண்டாம், தனக்குக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதும். இவர் ராத்திரியும் பகலும் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். போகும்போது பழைய மிக்ஸரையும் பின்மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான்தான் வண்டி ஓட்டினேன்.

சின்னவள் வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. டிவி, ஸ்பீக்கர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் பிளக்கைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். அவள் சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் சிரித்தாள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து மிக்ஸரைத் திருப்பிக் காட்டினார். இந்த நாப்புக்குப் பின்னால் ஒயர் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, இதைத் திருகினால் எதுவும் கூடாது குறையாது என்றார்.

“அந்தக் குரல் எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலம்மா. கேக்குதுன்னு நான் சொன்னது பொய். தப்புப் பண்ணிட்டேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டுத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல அவரிடம் கேட்டாள்.

“உங்களையும் மிரட்டிட்டாங்களா அண்ணா?”

அவள் அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். “பரவால்ல. உங்களுக்குக் குழந்தை இருக்கு. சொல்லச் சொன்னா நீங்க சொல்லித்தான ஆகணும். நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்.” இல்லை இல்லை என்று இவர் தலையை ஆட்ட ஆட்ட அவளுக்கு இவர்மேல் இரக்கம்தான் கூடியது. ஆறுதல் சொல்லப் போன மனுஷனுக்கு அவள் ஆறுதல் சொல்லி அனுப்பினாள். வண்டியில் திரும்பி வரும்போது மிக்ஸரை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதார். பதினெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சிக்னலில் நின்றபோது என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். பெரியவள் கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கே மருந்து கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் நல்ல மாற்றம் இருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், சன்னமாகப் பாடக்கூடச் செய்தாள் என்று நர்ஸ் சொன்னாராம். எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கை நடுங்குகிறது, தொண்டை காய்கிறது என்று மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியிருக்கிறாள். வேறு மாத்திரை மாற்றித் தரலாம், வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. வரமாட்டேன் என்றுவிட்டாள். அவன் திரும்ப வந்துவிட்டான்.

மாப்பிள்ளை மேடை வேலையை விட்டுவிட்டார். பழையபடி ரிப்பேர் கடை. நான் எவ்வளவோ சொன்னேன், வேறு பாடகர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஒருத்தர் காதுக்குள் ஒன்றை அனுப்புகிற வேலை இனி வேண்டாம் என்றார். கடைக்கு வருகிற ரேடியோவைத் திறந்து, சரிசெய்து, மூடிக் கொடுத்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட உட்காரும் நேரத்தில் பெரியவளின் போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார். அவள் குரல் பதறியது.

“அண்ணா, மூணு நாளாத் தூங்கல. இப்பதான் ஒரு வார்த்தை சொல்லிருக்கா. அண்ணா அவனைக் குறைச்சா மாத்திரையும் போடறேன், டாக்டர்கிட்டயும் வரேன்னு சொல்றா. ஒரே ஒரு தடவை அண்ணா. பழைய மாதிரி சொல்லிடுங்க. மாத்திரையைக் கையில வச்சுட்டு நிக்கறேன்.”

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். மறுபடி அப்படிச் சொல்லவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “சொல்லுங்க மாப்ள, மாத்திரை உள்ள போனாப் போதும்” என்றேன்.

அவர் எழுந்தார். அலமாரி மேலிருந்த பழைய மிக்ஸரை இறக்கித் தூசியைத் தட்டி மேசையில் வைத்தார். சின்னவளிடம் போனைக் கொடுத்தார்கள், அவள் மூச்சுவிடுவது கேட்டது. இவர் அந்த நாப்பில் கை வைத்து மெதுவாகத் திருகினார்.

“குறைச்சுட்டேம்மா. இப்போ?”

கவனமாகக் கேட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு பேசினாள், கோபம் துளிகூட இல்லை.

“அண்ணா, முதல்ல கேக்குதுன்னு சொன்னீங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து கேக்கவே இல்லன்னீங்க, ஒயரே இல்லன்னு கழட்டிக் காட்டினீங்க. இப்ப குறைச்சுட்டேன்னு சொல்றீங்க. நான் எதை அண்ணா நம்பறது?”

“அம்மா...” என்றார் மாப்பிள்ளை.

“அவன் ஒரு தடவைகூட மாத்திப் பேசினதில்ல அண்ணா” என்றாள்.

போனை மேசையில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. லைன் துண்டாகவில்லை. பெரியவள் தூரத்தில் கெஞ்சுவது கேட்டது, பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். மாப்பிள்ளை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு கை இன்னும் அந்த நாப்பில் இருந்தது. சோறு ஆறிப்போயிற்று. வெகு நேரம் கழித்துத் தங்கை வந்து போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். லைன் எப்போதோ போயிருந்தது.